பாலாம்பிகை அழித்தவை

பாலாம்பிகைக்குக் கோபம் வராது. அது நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து வேலை செய்கிறவனுக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. கண்டி டவுனில் ஒரு மாடியில் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே நான் படம் பிடித்தேன், அவள் அந்தப் படங்களைக் கணினியில் திருத்தினாள். நான் விளக்கைக் கோணலாக வைத்துவிட்டு அவள்மேல் பாய்ந்தால்கூட, "பரவாயில்லங்க நானா, நான் பாத்துக்கிறேன்" என்பாள். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல 'நானா' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். கடையிலிருந்த கணினிகள் குழப்படி செய்தாலும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஹாஜியாருக்கு அவற்றைத் தொடவே பயம். எனக்கு அவற்றைக் கண்டாலே தலையிடி.

பாலா கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு மாநகரசபையில் தண்ணீர்க் குழாய்ப் பகுதியில் வேலை. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தபோது அவள் பாலர் வகுப்புப் பிள்ளை. அம்மா முந்தானையை எச்சிலில் நனைத்து அவளுடைய பொட்டைத் துடைத்து, பக்கத்துச் சிங்கள வீட்டாரின் அறைக்குள் தள்ளிவிட்டதை ஒருமுறை எனக்குச் சொன்னாள். தோல் சிவக்கும்வரை துடைத்தாராம். அதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் யுத்தம் மறுபடி மூண்டதும் எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகையில் எழுதாத வேலையொன்று வந்து சேர்ந்தது. சோதனைச் சாவடியில் தமிழ்ப் பையன் ஒருவனின் முகத்தில் தழும்பு இருந்தால் போதும், எங்கே பயிற்சி எடுத்தாய் என்று கேட்பார்கள். தேயிலைத் தோட்டத்துப் பையன்களுக்குத் தழும்பில்லாத உடம்பு ஏது? கத்தி, கம்பி, கல் என்று எதிலாவது கிழித்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். அடையாள அட்டைப் படத்திலாவது அது தெரியாமல் இருக்கட்டும் என்று தாய்மார் மகன்களைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தார்கள். பாலா அழித்துக் கொடுத்தாள். சாவடியில் நேரே முகத்தைப் பார்ப்பார்களே, படத்தில் அழித்து என்ன பயன் என்று நான் கேட்டிருக்கிறேன். அட்டையில் இல்லாவிட்டால் அது பிறகு பட்ட சின்னக் காயம் என்று சொல்லித் தப்பலாம் என்பாள். ஹாஜியாருக்கு இது தெரியும். தெரியாதவர்போல் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருப்பார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் இராசமணி அம்மா. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். மகன் தியாகராஜா கொழும்பில் அரிசிக் கடை வேலைக்குப் போகவிருந்தான். இடது புருவத்தைப் பிளந்துகொண்டு நெற்றிக்கு ஏறும் வெட்டு அவனுக்கு. சின்ன வயதில் ஓடிவந்து, குந்தியிருந்த தாயின் தோளில் கிடந்த விறகுக் கத்தியில் மோதிக்கொண்டானாம். தாய் அழிக்கச் சொல்ல, "அப்பறம் என்னய ஆள் தெரியாம வீட்டுக்குள்ள விடமாட்டம்மா" என்று அவன் கேலி செய்தான். நான் படத்தை எடுத்தேன். பாலா வெட்டை அழித்து, புருவமயிரை ஒவ்வொன்றாக வரைந்து மூடினாள். நானே உற்றுப் பார்த்துத்தான் நம்பினேன், அவ்வளவு துப்புரவு.

இனி அந்தக் கணினிக் கதையைச் சொல்லாமல் முடியாது. சேர்வர் என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டது, மூடிப்போன கம்பனிக் கந்தோர் ஒன்றிலிருந்து ஹாஜியார் ஏலத்தில் எடுத்த பழைய பெட்டி. எல்லாப் படங்களும் அதில் கிடக்கும். மற்றக் கணினிகள் அதிலிருந்து எடுத்து வேலை செய்யும். விண்டோஸைப் போட்டால் அது மூச்சு வாங்கியது. பாலா விண்டோஸ் சீடியை எடுத்து, தேவையில்லை என்று தனக்குப் பட்டதையெல்லாம் வெட்டித் தள்ளி, மிச்சத்தை வைத்துத் தானே ஒரு சீடி செய்தாள். அதைப் போட்டதும் கிழட்டுப் பெட்டி ஓடத் தொடங்கியது. டவுனில் அதற்குப் பெயரே 'பாலா சீடி' என்றாகிவிட்டது. மருந்துக் கடை, டியூஷன் வகுப்பு, பிடவைக் கடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

ஒவ்வொரு பின்னேரமும் சேர்வரில் இருப்பதை இன்னொரு வன்தட்டில் பிரதியெடுக்கும் மென்பொருள் ஒன்றும் இருந்தது. பெக்கப் என்போம். புதுச் சீடி போட்ட கையோடு பழைய பிரதிகளைத் துடைத்துவிட்டு ஓடவிட்டபோது அது சிவப்புக் காட்டி நடுவழியில் நின்றது. ஏதோவொரு கோப்பை எடுக்க முடியவில்லை என்றது. எடுக்க முடியாததை விட்டுவிட்டு மற்றதை எடு என்று அதற்குச் சொல்ல ஓர் இடம் இருந்தது. பாலா அங்கே ஒரு சரி அடையாளம் போட்டாள். வேலை மலையாகக் கிடந்த நாள் அது. அதன்பிறகு தினமும் பச்சைதான். ஹாஜியார் வன்தட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்.

அந்த ஏதோவொரு கோப்புத்தான் எங்கள் அல்பம். நான் பிடிப்பதெல்லாம் அல்பம் என்ற ஒரே பெரிய கோப்புக்குள் போகும். திறந்தால் மேலே திருத்திய முகம் தெரியும். அடியில் மூலப்படம் கிடக்கும். அச்சடிக்கப் போகும் திருத்திய படங்களின் பிரதிகள் மட்டும் வேறிடத்தில் தனித்தனியாக இருக்கும். அல்பத்தை நாங்கள் மூடுவதே இல்லை. யார் யார் படமெடுக்க வந்தார்கள், காட்டு என்று ஆமிக்காரர்கள் வருவார்கள். ஒருநாள் திறக்கச் சுணங்கியதற்கு, எதை மறைக்கிறாய் என்று பாலா இருந்த கதிரையை உதைத்தார்கள். அன்றிலிருந்து அது எந்நேரமும் திறந்தபடியே இருக்கவேண்டும் என்பது ஹாஜியாரின் கட்டளை.

அடுத்த வருடம் தியாகராஜாவைக் கொழும்பில் தங்கியிருந்த அறையிலிருந்து கொண்டுபோய்விட்டார்கள். கொண்டுபோனதாக எந்தப் பொலிஸும் ஒப்புக்கொள்ளவில்லை. இராசமணி அம்மா ஏறாத படியில்லை. கடைசியில் கண்டி நீதிமன்றத்தில் வழக்குப் பேசிய வீரசிங்கம் என்ற யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணியிடம் வந்து சேர்ந்தார். அவரிடம், தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் இருந்து விடுதலையான பதுளைப் பக்கத்துக் கொத்து வேலை மேசன் ஒருவன் வந்திருந்தான். முகாமில் ஒரு பையன் இருக்கிறான், புத்தி பேதலித்துப் பெயர்கூடச் சொல்கிறானில்லை, இடது புருவத்தில் வெட்டு என்று அவன் சொன்னான். தியாகராஜாவின் படத்தைக் காட்டினார்கள். சாயல் இருக்கிறது, ஆனால் அவனுக்கு வெட்டு இருக்கிறதே, இதில் இல்லையே என்று மேசன் கையை விரித்துவிட்டான். தாயின் வாய்ச்சொல்லை வைத்து முகாம் கதவைத் திறக்கமாட்டார்கள், வெட்டுத் தெரிகிற படம் வேண்டும் என்றார் சட்டத்தரணி. அதைத் தேடித்தான் இராசமணி அம்மா மறுபடி எங்கள் மாடியேறி வந்தார்.

வீட்டில் வேறு படமே இல்லையா என்று நான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எடுத்தது ஒன்று இருந்ததாம். ஆமி தோட்டத்தைச் சுற்றிவளைத்தபோது, படத்தில் பக்கத்தில் நிற்கிற பையன்கள் யார் என்று கேட்பார்களே என்று பயந்து அடுப்பில் போட்டுவிட்டார். ஆகவே அந்த வெட்டுள்ள முகம் இந்த உலகத்தில் எங்கள் சேர்வரில் மட்டும்தான் இருந்தது.

அவர் வந்ததற்கு முதல்நாள், சித்திரை மாதத்து இடியொன்று எங்கள் சேர்வரைக் கொன்றிருந்தது. மின்னலோடு ஒரு சத்தம், கருகிய மணம், வன்தட்டு செத்துப்போனது. பாலா கலங்கவில்லை. "அதுக்குத்தானேம்மா தினமும் பெக்கப் எடுக்கிறோம், ஒக்காருங்க" என்று கதிரையைப் போட்டு, பிளேன்டீ வருவித்துக் கொடுத்து, ஹாஜியாரிடம் வன்தட்டை வாங்கி மாட்டினாள். திருத்திய படங்கள் எல்லாம் இருந்தன. தியாகராஜாவின் திருத்திய முகமும் இருந்தது. அல்பம் இல்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாறிமாறிப் பாவிக்க இரண்டாவது வன்தட்டு ஒன்றும் இருந்தது; அதை எடுத்தாள். அதிலும் இல்லை. பெக்கப் மென்பொருள் தன் வேலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் அறிக்கையைத் திறந்தாள். பச்சை அடையாளத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், ஒரு கோப்பு விடப்பட்டது என்று இருந்தது. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். பின்னால் போகப் போக அதே வரிதான்.

"ஒண்ணே ஒண்ணத்தாங்க நானா விட்டிருக்கு" என்றாள்.

நான் கத்தினேன். பச்சை பச்சை என்று இவ்வளவு காலமும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். இராசமணி அம்மாவுக்கு நாங்கள் பேசியது முழுவதும் விளங்கியிராது. ஆனால் ஆறிப்போன பிளேன்டீயைக் குடிக்காமல் மெதுவாக மேசையில் வைத்தார்.

அதன்பிறகு பாலா பட்ட பாட்டை நான் யாருக்கும் விரும்பமாட்டேன். சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனாள். வெட்டாத முழு விண்டோஸ் சீடி ஒன்றைத் தேடிப் பிடித்து ஒரு கணினியில் போட்டாள். பக்கத்துக் கணினியில் தன்னுடைய சீடியைப் போட்டாள். இரண்டிலும் ஒரு படக்கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பெக்கப்பை ஓடவிட்டாள். முழுதாகப் போட்டது திறந்திருந்த கோப்பையும் எடுத்தது. அவளுடையது விட்டுவிட்டது. திறந்து பாவனையில் இருக்கும் கோப்பை, அந்தக் கணத்தில் இருந்தபடியே நிறுத்திப் பிரதிக்குக் கொடுக்க விண்டோஸுக்குள் ஒரு சிறிய பகுதி உண்டாம். தேவையில்லை என்று அவள் வெட்டித் தள்ளியவற்றில் அதுவும் ஒன்று. அது என்னவென்றே அப்போது அவளுக்குத் தெரியாது. தெரியாததெல்லாம் தேவையில்லாதது என்று நினைத்துவிட்டாள். அதற்குமேல் சரி அடையாளம், அதற்குமேல் மூடாத அல்பம்.

காரணம் தெரிந்துவிட்டதே என்று நான் ஆறுதல் சொன்னேன். காரணம் தெரிந்து என்ன செய்ய, படம் வராதே என்றாள். உண்மைதான்.

செத்த வன்தட்டை நான் ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோனேன். தமிழ்ப் பெயருள்ள அவளுடைய அடையாள அட்டையோடு கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் அவளையும் தேடவேண்டி வரும் என்று ஹாஜியார் என்னை அனுப்பினார். அங்கே திறந்து பார்த்தவன், உள்ளே முழுவதும் உரசிச் சுரண்டுப்பட்டிருக்கிறது, ஒன்றும் மிஞ்சவில்லை என்று திருப்பித் தந்தான். என் கமராவின் கார்ட்டுகளை எல்லாம் கொண்டுவந்து கொட்டினேன். ஒரு கல்யாணத்துக்கு மேல் இன்னொரு கல்யாணம், அதற்கு மேல் ஒரு சுன்னத் வைபவம். பாலா அவற்றைக் கிளறிக் கிளறி யார் யாரோ மாப்பிள்ளைகளின் முகங்களை மீட்டாள். தியாகராஜா அதில் இல்லை.

இதற்கிடையில் தன் சீடியைப் போட்ட கடைகளுக்கெல்லாம் நடந்து போனாள். மருந்துக் கடையிலும் பச்சை அடையாளத்துக்குக் கீழே அதே வரி. பிடவைக் கடையிலும் அப்படியே. எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்து, "வேற எவ்வளவு பேருக்கு குழி தோண்டியிருக்கேனோ தெரியல" என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஜியார் கிட்டப் போய், "மகள், வேணுமெண்டு செஞ்ச வேலையா இது, அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார். அவள் தலையாட்டினாள். அல்லாஹ்வுக்குத் தெரிந்து என்ன, முகாம்காரனுக்குத் தெரியவேண்டுமே என்று எனக்கு ஓடியது.

இராசமணி அம்மா பஸ் ஓடுகிற நாளெல்லாம் வந்தார். வந்து, கேட்காமல், மூலையில் உட்கார்ந்திருப்பார். இனிக் கிடைக்காது என்பதை பாலா ஒருநாள் அவர் முன்னால் குந்தியிருந்து, அழாமல், மறைக்காமல் சொன்னாள். நான்தான் காரணம், என்னை ஏசுங்கள் என்றாள். அவர் ஏசவில்லை. திரையில் இருந்த மகனின் வழுவழுப்பான நெற்றியைப் பார்த்தார்.

"நீங்கதானே புள்ள அழிச்சீங்க. நீங்களே போட்டுடுங்க."

பாலா என்னைப் பார்த்தாள். நான் வேறெங்கோ பார்த்தேன். பிறகு அவள் மவுஸைக் கையில் எடுத்தாள். தாய் பக்கத்தில் நின்று விரலால் காட்டினார். இன்னும் கொஞ்சம் மேலே, அங்கே வளைய வேண்டும், புருவத்துக்குள் மயிர் முளைக்காது, அந்த இடம் வெள்ளையாக இருக்கும். ஒரு தடவைகூட அவர் யோசிக்கவில்லை. எத்தனை தரம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருப்பாரோ. முடிந்ததும் திரையில் தியாகராஜா இருந்தான், நான் படமெடுத்த அன்று இருந்தபடியே. தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பாலா அதை வீரசிங்கத்திடம் கொண்டுபோய், இது மூலப்படமல்ல, நான் வரைந்தது என்று முதலிலேயே சொன்னாள். கூடப் போன நான் அவளைக் காலால் இடித்தேன்; அவள் கவனிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது கோட்டிலை சாட்சியாய் எடுபடாது பிள்ளை. கீறினது எண்டு நீயே சொல்லுறாய். அந்த மேசனுக்குக் காட்டிப் பாப்பம். வேற வழி எனக்கும் தெரியேல்லை."

மேசன் வந்தான். படத்தைக் கையில் வாங்கியதுமே, இவர்தான் சேர், சந்தேகமில்லை என்றான். இராசமணி அம்மா அவனுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை வைத்து வீரசிங்கம் யார் யாரையோ பிடித்து, முகாமுக்குப் போய்ப் பார்த்துவர அனுமதி எடுத்துவிட்டார். எல்லோருக்கும் சந்தோசம். படியிறங்கும்போது பாலா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்தாளு மொகத்தப் பாத்துச் சொன்னாரா, நான் போட்ட கோட்டப் பாத்துச் சொன்னாராங்க நானா?"

நான் சட்டையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினேன்.

இராசமணி அம்மா புதுச் சட்டையொன்று வாங்கிக்கொண்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, வீரசிங்கத்தோடு தெற்குக்குப் போனார். அந்த நாட்களில் பாலா ஒரு படத்தையும் உருப்படியாகத் திருத்தவில்லை. கல்யாணப் பெண் ஒருத்தியின் மூக்குத்தியை அழித்துவிட்டு என்னிடம் ஏச்சு வாங்கினாள். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தாள்.

வந்தபோது அவர் தனியாகத்தான் வந்தார். பை தட்டையாக இருந்தது. பாலா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் நின்றபடியே சொன்னார், நடந்த தூரம் நடந்து களைத்துப்போன குரலில்.

"எம்புள்ள இல்ல. வேற யாரு பெத்த புள்ளயோ. சட்டைய அவனுக்கே போட்டுவிட்டுட்டு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வெட்டு மட்டும், நீங்க போட்ட மாதிரியேதான் இருந்துச்சு."

பாலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கும் தாங்கமுடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் போய், கீழே போகிற பஸ்களைப் பார்ப்பவன்போல நின்றேன். அவளைத் தூக்கியது இராசமணி அம்மாதான்.

"அவனையும் ஒருத்தி தேடிக்கிட்டுத் திரிவா. அவ கையில இருக்கிற படத்துல வெட்டு இருக்குமா புள்ள? அதையும் ஒரு கடையில அழிச்சிருப்பாங்களா?"

பாலா முகத்தைத் துடைத்தாள். அந்தப் பையனின் முகம் நினைவிருக்கிறதா என்று கேட்டாள். மறக்குமா என்றார் அவர். பாலா எழுந்துபோய், பெக்கப்பில் மிஞ்சிய திருத்திய படங்களைத் திறந்தாள். ஒரு நெற்றியிலும் ஒரு கோடு கிடையாது. பெயரும் ஊரும் மட்டும் ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் இருந்தன; அந்தப் பையன் அதில் இருந்தால் அவன் தாயைத் தேடிப் பிடித்துவிடலாம். நாட்டில் இத்தனை ஸ்டூடியோ இருக்க, அவன் எங்கள் கடைக்குத்தான் வந்திருக்க வேண்டுமென்று என்ன இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவன், திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

இராசமணி அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாலா ஒவ்வொன்றாகத் தள்ளத் தள்ள, அவர் நன்றாகப் பார்த்து, இல்லை என்று தலையசைத்தார். ஒன்றையும் அவசரமாகக் கழிக்கவில்லை. தியாகராஜாவின் முகம் வந்தபோது பாலாவின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. அவர் தலையசைக்காமல் கொஞ்ச நேரம் மகனைப் பார்த்திருந்தார்.

"அடுத்ததப் போடுங்க புள்ள" என்றார்.